தாழ்ந்த குதிகாலா, செங்குத்துக் குளம்பா: எந்தக் குறையோடு குதிரை வாங்கலாம்?

மூன்று வருடம் முன்பு, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் குஜராத்தைச் சேர்ந்த கத்தியவாரி இனப் பெண் குதிரைகள் இரண்டு எனக்குப் பிடித்துப் போயின. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட வந்தவர்கள் சுழி பார்த்தார்கள், காது மடல் வளைந்து நுனி தொடுகிறதா என்று பார்த்தார்கள். காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் இரண்டுக்குமே குறை குளம்பில் இருப்பது தெரிந்தது.

சிவப்புக் குதிரைக்கு முன்னங்குளம்புகளின் நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து பாதத்துக்கு அடியில் முன்னோக்கி மடங்கியிருந்தது. வெள்ளைக்கு இடது முன்னங்குளம்பு மட்டும் கொஞ்சம் செங்குத்து. குதிரையைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். குளம்புக்கு மேலே உள்ள கணுப்பகுதியின் சாய்வும் குளம்பின் முன்சுவரும் ஒரே கோடாக இறங்க வேண்டும். சிவப்பில் அந்தக் கோடு பின்பக்கம் உடைந்தது, வெள்ளையில் முன்பக்கம். பாதம் வெளியே திரும்பியது, உள்ளே திரும்பியது எல்லாம் எதிரே நின்றாலே தெரியும். வளர்ந்த குதிரையில் எலும்பு அமைப்பை மாற்றவும் முடியாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் வெள்ளையைத்தான் வாங்கினேன். சந்தையில் பலரும் சிவப்பைத்தான் சொன்னார்கள். அதற்கு இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்ததால் குறையே கண்ணுக்குத் தெரியாது. செங்குத்துக் குளம்பு பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். ஆனால் தெரிகிற குறை என்பதால் அதுவே பெரிய குறை ஆகிவிடாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். நுனிப்பகுதி மேலிருந்து தரை வரை முழுதாகப் புதுசாக வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். செங்குத்துக் குளம்பில் குதிகால் நுனியைவிட வேகமாக வளர்கிறது. குளம்புச் சுவரில் உள்ள வளையக் கோடுகளைப் பார்த்தாலே போதும், பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். அதிகமாக வளர்ந்ததை அரத்தால் குறைத்துவிடலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து கொஞ்சமே கொஞ்சம் எடுக்கிறார். ஒரே நாளில் தாழ்த்தி மற்றக் காலைப் போல ஆக்கக் கூடாது. உள்ளே குளம்பு எலும்பைப் பின்னால் இழுக்கும் ஆழ்தசைநார் இறுக்கமாக இருப்பதுதான் இந்தக் குறைக்கே அடிப்படை. குதிகாலைச் சட்டென்று வெட்டினால் அந்த இழுவை கூடி, எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்திருக்கும் சவ்வு நுனியில் பிய்ந்துகொள்ளும். எங்கள் லாடக்காரர் இதைப் புரிந்தவர், அது என் பாக்கியம்.

சிவப்பின் கதை வேறு. மடங்கிய குதிகாலில் அரம் குறைக்க எதுவுமே இல்லை, அது வளர்ந்து வர வேண்டும். நுனியை ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்து, நசுங்கிய பகுதியைச் சீராக்கி, பல மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் லாடக்காரர் வருவது இரண்டு முறை தள்ளிப்போனால் நுனி மறுபடி முன்னால் ஓடிவிடும். லாடம் அடித்த குளம்பில் இது இன்னும் மோசம். குதிகால் லாடத்தின் மேல் உரசித் தேயும், ஆணி அடித்த நுனி தேயாது. நாளாக நாளாகக் குளம்பு தானாகவே சாய்ந்துகொண்டே போகும். குதிகாலுக்கு ஆப்பு வைத்து உயர்த்தினால் கோடு நேராகத் தெரியும், ஆனால் ஏற்கெனவே நொந்த குதிகாலின் மேல்தான் அந்த அழுத்தமும் விழும். நுனி நீளமாக இருந்தால் கால் தரையை விட்டு எழத் தாமதமாகும். அந்தச் சுமை ஆழ்தசைநாரின் மேலும், குளம்புக்குள் அது அழுத்திச் செல்லும் நாவிகுலர் என்ற சிறு எலும்பின் மேலும் ஏறும். முன்னங்கால்கள் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதத்தைத் தாங்குகின்றன. நாவிகுலர் நொண்டல் வந்துவிட்டால் வலியைக் குறைக்கலாம், முழுதாகத் தீர்ப்பது கடினம்.

வெள்ளையிடமும் சிரமம் இல்லாமல் இல்லை. இடது கால் எடுத்து வைக்கும் அடி கொஞ்சம் குட்டை, கல் தட்டினால் தடுமாறுவாள். எடை நுனியில் விழுவதால் அடிப்பாதம் சீக்கிரம் கன்றிப்போகும், அதனால் சரளைப் பாதையில் கூட்டிப்போவதில்லை. மண் பாதையில் காலை நடை, வாரம் இருமுறை சவாரி, இவ்வளவுதான் என் அனுபவம். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கோ தடை தாண்டலுக்கோ இப்படிப்பட்ட குளம்போடு வாங்கலாமா என்று கேட்டால், நான் ஓட்டிப் பார்த்ததில்லை, சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, நான் சொல்வது லேசான செங்குத்துக்கு மட்டும். முன்சுவர் தட்டுபோல உள்ளே குழிந்து, குளம்பின் மேல்விளிம்பு முன்னால் புடைத்திருந்தால் அதை வாங்க வேண்டாம். அந்த அளவுக்கு அரம் மட்டும் போதாது. சிவப்பு மாதிரிக் குதிரையையே மனசு கேட்கிறது என்றால், அடுத்த ஒரு வருடத்துக்கு நான்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் லாடக்காரரை முதலில் பேசி வைத்துக்கொண்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.