வறட்சிக் கட்டுப்பாட்டில் தோட்டத்துக்கு எது: பூவாளியா, சொட்டுநீரா?

ஹோஸுக்குத் தடை வந்ததும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

செலவு: பூவாளி ஒன்று போதும். சொட்டுநீருக்குக் குழாய், வடிகட்டி, செடியடியில் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவான் எல்லாம் வேண்டும்.

தண்ணீர்: சொட்டுவான் பெரும்பாலும் மணிக்கு 2 அல்லது 4 லிட்டர்தான் விடும், வேரடி மட்டும் நனையும். பூவாளியில் அவசரமாக ஊற்றினால் மேல்மண் கறுத்து மினுங்கும், விரலை விட்டால் அடியில் புழுதி. கொஞ்சம் ஊற்றி, அது இறங்கியதும் அப்புறம் மீதியை ஊற்றுங்கள். காய்கறி கழுவிய தண்ணீரையும் பூவாளியில் ஊற்றலாம், வீணாகாது.

உழைப்பு: பூவாளியில் 10 லிட்டர் தூக்கினால் தண்ணீர் மட்டும் 10 கிலோ, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பு: உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

விதி: சொட்டுநீருக்கும் நாள், நேரம் குறித்திருக்கலாம், அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்.

பத்துப் பதினைந்து தொட்டிகள் என்றால் பூவாளி. மரக்கன்றுகள் வரிசையாக இருந்தால் சொட்டுநீர்தான். புல்தரையா? சரி, காயட்டும், பல புல்வகைகள் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.