ஆய்வு முன்னேற்றக் கூட்டங்களுக்கான இணையதளம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தமிழ்த்துறையில் இணைப் பேராசிரியராக இருக்கும் என்னிடம் 6 முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி எனக்கு அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். 2022-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வோர் ஆய்வாளரும் பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை எடுத்துரைத்துச் சிறு அறிக்கையும் தர வேண்டும் என்பதால், ஆண்டுக்கு 12 கூட்டங்களை நான் கூட்டியாக வேண்டும். இன்றும் நாங்கள் 'டி.சி. மீட்டிங்' (டாக்டரல் கமிட்டி கூட்டம்) என்றே சொல்லும் இக்கூட்டங்களுக்காக எங்கள் பல்கலைக்கழகம் ஒரு தனியார் நிறுவனத்தின் இணையச் சேவையை வாங்கியுள்ளது. இரண்டின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை.

தேதி குறிப்பதில் இச்சேவை உண்மையிலேயே கைகொடுக்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்கும் நடுவே, வெளியூர் உறுப்பினர் உட்பட மூவருக்கும் ஒத்துவரும் ஒரு முற்பகலைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. இப்போது ஜூன் மாதத்திலேயே எல்லோரும் தங்களுக்கு வசதியான நாட்களைக் குறித்துவிடுகிறார்கள். ஆண்டு முழுவதற்குமான அட்டவணை ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர் இரண்டாம் ஆண்டை முடிக்கும் நாளையும் அது சிவப்பில் காட்டுகிறது. மாதம் 37,000 ரூபாய் 42,000 ஆக உயர்வதற்கு அப்போதைய மதிப்பீடு தேவை என்பதால், கூட்டம் தள்ளிப்போனால் ஆய்வாளர் நிலுவைத் தொகைக்காக அலுவலகத்துக்கு நடையாய் நடக்க நேரும்.

குறை, கூட்டம் முடிந்த பிறகு தொடங்குகிறது. முன்னேற்றத்தைப் பதிவிட 'திருப்தி', 'திருப்தி இல்லை' என இரண்டு பொத்தான்களும் 250 எழுத்துகள் கொள்ளும் ஒரு கட்டமும் மட்டுமே உள்ளன. கணினி ஒற்றின் புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால், தமிழில் எழுதினால் இரண்டு வாக்கியங்களிலேயே கட்டம் நிறைந்துவிடுகிறது. முன்னேற்றம் போதாதென்றால் காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழிகளையும் குழு பரிந்துரைக்க வேண்டும் என்கிறது விதி; அவற்றை ஆய்வாளர் நிறைவேற்றவில்லையெனில் பதிவையே நீக்கப் பரிந்துரைக்கலாம். அவ்வளவு பெரிய விளைவுள்ள ஒரு குறிப்புக்கு இவ்வளவுதான் இடம்.

'திருப்தி' என்று பதிவானவர்களும் இதனால் இடர்ப்படுகிறார்கள். கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டை ஆராயும் என் மாணவியிடம், டிசம்பர் கூட்டத்தில் வெளியூர் உறுப்பினர் முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று மாவட்டங்களை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுமாறும், ஒலிப்பதிவுகளை முழுமையாக எழுத்தில் பெயர்த்த பின்பே இயலைத் தொடங்குமாறும் அவர் கூறியதை அம்மாணவி தம் குறிப்பேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டார். தளத்தில் ஏறியதோ 'திருப்தி' என்ற ஒரு சொல். அடுத்த பருவத்தில் அந்த வெளியூர் உறுப்பினருக்குப் பதிலாக வந்தவர், களத்தை ஏன் சுருக்கினீர்கள் என்று கடிந்துகொண்டபோது, காட்டுவதற்கு எங்களிடம் அந்தக் குறிப்பேடு மட்டுமே இருந்தது. பரிந்துரையின் நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. இத்தளம் அனுப்புவது கூட்டம் நடந்தது என்ற குறுஞ்செய்தியை மட்டுமே.

பேறுகால விடுப்பில் இருந்த இன்னொரு மாணவிக்கு அறிக்கை கேட்டு இரண்டு நினைவூட்டல்கள் சென்றன. விதி 240 நாட்கள் வரை விடுப்பு அளிக்க இடம் தந்திருக்க, அட்டவணையை இடைநிறுத்தும் வசதியைத் தளத்தை உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை போலும்.

அட்டவணைக்காக மட்டும் வாங்குவதானால் வாங்கலாம். மற்றதற்கு நான் பழைய வழியையே வைத்திருக்கிறேன்: உறுப்பினர்கள் சொன்னதை ஒரு பக்கத்தில் தட்டச்சிட்டு, அவர்கள் எழுந்து செல்வதற்கு முன் கையொப்பம் பெற்று, ஒரு படியை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை ஸ்கேன் செய்து 'பிற ஆவணங்கள்' பகுதியில் ஏற்றுகிறேன். 2 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பைத் தளம் ஏற்பதில்லை என்பதால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்வது நல்லது.