இயற்கைச் சாயப் பட்டு ஸ்கார்ஃப்: முசுக்கொட்டையா, எரியா, டசரா?

கிராமத்துக் கைத்தறிகளில் நெய்து, செடிகளிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் எடுத்த சாயத்தை ஏற்றிய பட்டு ஸ்கார்ஃப்களை வாங்க முற்படுபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் ஒரே சாயத் தொட்டியில் தோய்த்தாலும் முசுக்கொட்டைப் பட்டும் எரிப் பட்டும் டசரும் ஒரே நிறமாக வெளிவருவதில்லை. ஒரே மாதிரி உழைப்பதும் இல்லை. ஆகவே இழையை முதலிலும் சாயத்தை அடுத்தும் வைத்து ஒப்பிடுவதே முறை என்பது என் கருத்து.

முசுக்கொட்டை இலையைத் தின்னும் புழுவின் கூடு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே தொடர் இழையால் ஆனது. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே கூட்டுப்புழுவைச் சூட்டில் கொன்று, பல கூடுகளின் இழைகளை வெந்நீரிலிருந்து ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி எடுக்கிறார்கள். இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவில் இருப்பதால்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. கழுத்தில் போட்டால் வழிந்து விழும் மென்மையும் இதற்கே மிகுதி. கம்போடியாவின் புகழ்பெற்ற பொன்னிறப் பட்டும் இவ்வினப் புழுவின் கூடுதான் என்றாலும், அங்குள்ள நாட்டுப்புழு மஞ்சள் கூடு கட்டுகிறது. அந்த மஞ்சள் பெரும்பாலும் இழையைச் சூழ்ந்த செரிசின் பசையில் இருப்பதால், பசையை முழுவதும் நீக்கினால் நிறமும் உடன் போய்விடும். உள்நாட்டுப் போரால் சிதைந்த அந்நாட்டு நெசவை மீட்க, ஜப்பானியரான கிகுவோ மொரிமோட்டோ 1996-இல் க்மெர் பாரம்பரிய நெசவுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். தறியோடு நிறுத்திக்கொள்ளாமல், முசுக்கொட்டைத் தோட்டத்தையும் சாய மரங்களையும் சேர்த்தே வளர்க்க வேண்டியிருந்தது என்பது இந்தத் துணியின் பின்னால் எத்தனை தொழில்கள் இருக்கின்றன என்பதைக் காட்டும்.

எரிப் பட்டு முற்றிலும் வேறு இயல்புடையது. அசாமிலும் மேகாலயாவிலும் ஆமணக்கு இலையை ஊட்டி வளர்க்கப்படும் இந்தப் புழு, ஒரு முனை திறந்த கூட்டைக் கட்டுகிறது. அதன் இழை தொடர்ச்சியானது அல்ல. எனவே சுற்றி எடுக்க முடியாது, பருத்தியைப் போல நூற்றுத்தான் ஆக வேண்டும். நூற்ற இழையானதால் பளபளப்பு குறைவு. கம்பளிக்கு நெருக்கமான கதகதப்பும், துவைக்கத் துவைக்கக் கூடும் மென்மையும் அதற்கு ஈடாகக் கிடைக்கின்றன. நூலின் மேடுபள்ளங்களில் சாயம் ஆழ்ந்தும் தளர்ந்தும் படிவதால் நிறத்துக்கு ஓர் ஆழம் வந்துவிடுகிறது. பூச்சி தானே வெளியேறிய பிறகும் கூட்டைப் பயன்படுத்தலாம் என்பதால் இதை ‘அகிம்சைப் பட்டு’ என்று விற்கிறார்கள். அவ்வாறு செய்ய இயலும் என்பது உண்மை. எப்போதும் அவ்வாறே செய்கிறார்கள் என்பது உண்மையல்ல. வடகிழக்கில் எரிப் புழுவின் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படும் உணவு. பட்டு அங்கே பல வீடுகளில் அதன் உடன்விளைவு. உயிர்க்கொலை வேண்டாம் என்பதற்காகவே எரியைத் தேர்ந்தெடுப்பவர், கூடு எந்த நிலையில் திறக்கப்பட்டது என்று கேட்டே வாங்க வேண்டும்.

டசரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத மர இலையைத் தின்று காட்டில் வளரும் புழுவின் பட்டு அது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பகுதிகளிலிருந்து வருகிறது. தேன் கலந்த பழுப்பு அதன் பிறவி நிறம் என்பதால், எந்தச் சாயமும் அதன்மேல் சற்று மங்கியே தெரியும். டசரைச் சாயமின்றி வாங்குவதே நல்லது என்பேன். அசாமின் மூகா என்னும் பட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். பொன்னிறமாகப் பிறக்கும் அதற்குச் சாயம் ஏற்றுவது தேவையற்ற வேலை.

இனிச் சாயங்கள். சிவப்பில் அரக்கும் மஞ்சிட்டியும் போட்டியிடுகின்றன. அரக்குப் பூச்சியின் பிசினைக் கழுவும்போது கிடைக்கும் சாயம், நிறத்தை இழையோடு பிணைக்கும் உப்பான படிகாரத்தோடு சேர்ந்தால் நீலம் ஓடிய அடர் சிவப்பையும், இரும்பு சேர்ந்தால் ஊதாவையும் தரும். மஞ்சிட்டி வேர் செங்கல் நிறத்தை ஒட்டிய சிவப்பைத் தருகிறது. பட்டின்மேல் அரக்கின் செழுமை எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஆனால் காரமான சோப்பு பட்டால் அது ஊதாப் பக்கம் சாயும். நாள்தோறும் அணிந்து அடிக்கடி அலசுபவருக்கு மஞ்சிட்டியே தொல்லையற்றது.

அவுரி நீலம் மற்றச் சாயங்களைப் போலப் படிகாரத்தை நாடுவதில்லை. நொதித்த தொட்டியில் கரைந்த நிலையில் இழைக்குள் புகுந்து, வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டு நீலமாகி, கரையாத நிலையில் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆழ்ந்த நீலத்துக்குப் பலமுறை தோய்க்க வேண்டும். அவசரமாக அடர்த்தியாக ஏற்றிய அவுரி சட்டைக் காலரில் ஒட்டும். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தொட்டியில் காரம் மிகுந்தால் பட்டு கெடும் என்பதால், பருத்திக்கு வைக்கும் அதே தொட்டியில் பட்டைத் தோய்ப்பவரின் சரக்கில் எச்சரிக்கை தேவை.

மஞ்சள் நிறத்தில்தான் வேறுபாடு மிகப் பெரியது. மஞ்சள் கிழங்கின் சாயம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் விரைவாக வெளுத்துவிடும். சாப்பிர (அன்னாட்டோ) விதையின் ஆரஞ்சும் அப்படித்தான். மாதுளை ஓடும் பலா மரத்தின் வைரமும் (உள்கட்டையும்) தரும் மஞ்சள் மங்கலாகத் தோன்றினாலும் நெடுங்காலம் நிற்கும். கடையில் அருகருகே தொங்கும்போது இளிச்சவாயன் மட்டுமே இரண்டாவதை எடுப்பான் போலத் தோன்றும். ஓராண்டு கழித்து நிலைமை தலைகீழாகும்.

கறுப்புக்கு, கடுக்காயின் துவர்ப்பை அன்னபேதி என்னும் இரும்பு உப்போடு சேர்க்கும் முறை எளியது. ஆனால் அதிலுள்ள இரும்பு காலப்போக்கில் பட்டிழையை அரித்து முறியச் செய்யும். தென்கிழக்காசியாவில் கருங்காலி இனத்து மரமொன்றின் காயில் மீண்டும் மீண்டும் தோய்த்து உலர்த்திக் கொண்டுவரும் கறுப்புக்கு இந்தக் குறை இல்லை, உழைப்புதான் பன்மடங்கு.

இவற்றுக்கெல்லாம் எதிர்த்தட்டில் இருப்பது செயற்கைச் சாயம். ஆங்கில வேதியியலாளர் பெர்கின் 1856-இல் செயற்கை ஊதாவைக் கண்டதிலும், செயற்கை அவுரி நீலம் 1897-இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்ததிலும் தொடங்கிய அந்த வழியில், சீரான நிறத்தையும் அடுத்த முறையும் அதே நிறத்தையும் எளிதில் பெறலாம். அவுரி நீலத்தில் இயற்கைக்கும் செயற்கைக்கும் மூலக்கூறும் ஒன்றே. ஆகவே ‘இயற்கை அவுரி’ என்னும் கூற்றை வெறுங்கண்ணால் சரிபார்க்க வழியில்லை. ‘இயற்கை’ என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ள முடியாது. நிறத்தை இழையோடு பிணைக்கப் படிகாரம் இட்டால் கவலை குறைவு. மயில்துத்தம் இட்டால் கழிவுநீரில் செம்பு கலக்கும். என்ன செடி என்பதோடு எந்த உப்பு என்பதையும் கேட்க வேண்டும்.

குளிர்ப் பகுதியில் அன்றாடம் அணிய மஞ்சிட்டியோ அவுரியோ ஏற்றிய எரிப் பட்டையும், விழா நாளுக்கு அரக்கேற்றிய முசுக்கொட்டைப் பட்டையும் நான் தேர்ந்தெடுப்பேன். மெல்லிய முசுக்கொட்டை ஸ்கார்ஃப் மோதிரத்திலும் காதணியிலும் சிக்கி இழை இழுபடும் என்பதால், அன்றாட உழைப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பச்சை நிற ஸ்கார்ஃப் ஒன்றைக் காட்டி, இலைச்சாற்றில் தோய்த்தது என்று விற்பவர் சொன்னால் சற்றுத் தயங்க வேண்டும். இலையின் பச்சையம் துணியில் நிற்பதில்லை. நல்ல பச்சையைப் பெற, பட்டில் மஞ்சளையும் அவுரியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதே பழைய வழி. அந்த மஞ்சள் மாதுளை ஓட்டிலிருந்து வந்ததென்றால் பச்சை பச்சையாகவே நீடிக்கும். கிழங்கிலிருந்து வந்ததென்றால் சில மாத வெயிலிலேயே நீலம் மட்டும் மிஞ்சும்.