குளிர்கடலுக்கு எத்தனை மி.மீ. வெட்சூட்? மூன்று உடைகளோடு எட்டு ஆண்டுகள்

காவேரிப்பட்டணத்தை ஒட்டிய மாந்தோப்புக் கிணற்றில் நீந்தப் பழகிய எனக்கு, நீருக்குள் இறங்குவதற்கென்று தனியாக ஓர் உடை வேண்டும் என்பதே முப்பது வயதுக்குப் பிறகு தெரிந்த செய்தி. 2016 இல் புதுச்சேரியில், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா பயிற்சி முடித்தபோது, 3 மி.மீ. தடிமன் கொண்ட வெட்சூட் என்னும் ரப்பர் உடை ஒன்று வாங்கினேன். 2018 இல் 5 மி.மீ., 2022 இல் 7 மி.மீ. என்று அடுத்தடுத்து இரண்டு சேர்ந்தன. மூன்றும் என் சொந்தப் பணத்தில் வாங்கியவை, மூன்றையும் இன்றுவரை வைத்திருக்கிறேன். குளிர்ந்த கடலுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை மி.மீ. வாங்க வேண்டும்? அந்த எண் முக்கியம்தான். ஆனால் உடை உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதையும், எந்த ஆழத்துக்கு இறங்கப் போகிறோம் என்பதையும் விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்னைப் போலவே இரண்டு பயணங்களைக் குளிரில் இழக்க நேரிடும்.

புதுச்சேரியிலும் அந்தமானிலும் 3 மி.மீ. உடை ஒரு குறையும் வைக்கவில்லை. அங்கே நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அந்தப் பழக்கத்தில் 2018 ஆகஸ்டில் பாலியை அடுத்த நூசா பெனிடா தீவுக்கும் அதே உடையை எடுத்துப் போனேன். புறப்படும் முன் நீரின் வெப்பநிலையை விசாரித்தபோது 26 டிகிரி என்றார்கள். அது பொய்யல்ல, மேற்பரப்பின் கணக்கு. ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுந்து வருவதால்தான் மோலா எனப்படும் சூரியமீன் கரைப்பக்கம் வருகிறது. அந்த மீனைப் பார்க்கப் போன நான், அது ஏன் அங்கே வருகிறது என்பதை யோசிக்கவில்லை. 18 மீட்டரில் கண்ணாடித் தகடு போல ஒரு கோடு தெரிந்தது. அதைத் தாண்டியதும் டைவ் கம்ப்யூட்டர் 19 டிகிரி காட்டியது. பத்தே நிமிடத்தில் தாடை நடுங்கத் தொடங்கியது, மூச்சு வேகமெடுத்தது, சிலிண்டரில் காற்று வழக்கத்தைவிட விரைவாகக் குறைந்தது. இருபத்தெட்டாவது நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். இறங்கப் போகும் ஆழத்தில் வெப்பநிலை என்ன என்று கேட்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

உடை எப்படி வேலை செய்கிறது என்பதைப் படித்ததும் அந்தப் பயணத்துக்குப் பிறகுதான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வெட்சூட்டை உருவாக்கிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டது, உள்ளே நீர் புகுந்தாலும் பரவாயில்லை, உடை செய்த பொருளுக்குள் காற்று அடைபட்டிருந்தால் போதும் என்பதைத்தான். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பருக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வாயுக் குமிழிகள் இருக்கின்றன. சூட்டைத் தடுத்து நிறுத்துபவை அவையே. உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்கிக்கொள்கிறது. அந்த நீர் அங்கேயே நிற்கும் வரை கவலையில்லை. வெளியேறிப் புதுநீர் வந்துகொண்டே இருந்தால் உடம்பு கடலையே சூடாக்க முயல்கிறது என்று பொருள்.

இந்தக் கடைசி வரியை 5 மி.மீ. உடை எனக்கு நன்றாகக் கற்பித்தது. வாங்கிய கடையில், மாட்டவும் கழற்றவும் எளிதாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாகக் கொடுத்தார்கள். ஒல்லியான, உயரமான உடம்பு எனக்கு. கண்ணாடியில் பார்த்தபோது நேராகத்தான் இருந்தது. கடலில் காலை அடித்தபோதெல்லாம் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இருந்த மடிப்பு பம்புசெட் போல நீரை இழுத்து, கழுத்து வழியே வெளியே தள்ளியது. 22 டிகிரி நீரில், உடம்போடு ஒட்டிய பழைய 3 மி.மீ. உடையே இதைவிடத் தேவலை என்று தோன்றியது. பிறகு ஒல்லியாக உயர்ந்தவர்களுக்கென்றே வெட்டப்பட்ட அளவில் மாற்றி வாங்கினேன். மாற்றித் தர அந்தக் கடை ஒப்புக்கொள்ளாததால் பாதி விலைக்கு விற்று இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. இன்று என்னிடம் இருக்கும் 5 மி.மீ. அந்த இரண்டாவதுதான். அளவு பார்க்கும்போது நான்கு இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள்: இடுப்புக்கு மேலே முதுகு, அக்குள், முழங்காலின் பின்புறம், கழுத்து. எங்கேயாவது விரலால் ரப்பரைக் கிள்ளித் தூக்க முடிந்தால் அங்கே நீர் தங்கும். கரையில் நிற்கும்போது சற்று இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சை முழுதாக இழுக்க முடிய வேண்டும். தையலையும் பாருங்கள். இருபுறமும் ஊசி துளைத்த தட்டைத் தையலில் நீர் கசியும். ஒட்டுப்பசை தடவி, ஊசி மறுபுறம் வெளிவராமல் தைத்த விளிம்புகள்தான் குளிர்நீருக்கு ஏற்றவை.

2022 இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போக முடிவானது. அங்கே கடலடியில் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி மூங்கில் தோப்பு போல நிமிர்ந்து நிற்கும். நடுவே கடல்நாய்கள் விளையாடும். அந்த ஊரின் நீர் நம் கணக்குக்கு அடங்காதது. தீபகற்பத்தின் மேற்கே அட்லாண்டிக், கிழக்கே ஃபால்ஸ் குடா. கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேற்குக் கரையின் மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருவதால், வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் அந்தப் பக்கம் நீர் 10 டிகிரியை ஒட்டிப் போகும். ஃபால்ஸ் குடாவில் குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் 12 முதல் 15 டிகிரி இருக்கும், நீரும் தெளிவாக இருக்கும். கோடையில் போனால் குளிர் குறையும் என்று நினைத்து நாளைக் குறிப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஏற்கெனவே உள்ள 5 மி.மீ. உடைக்குள் தலைமூடியோடு (ஹூட்) கூடிய மெல்லிய உள்சட்டை போடலாம். முழு 7 மி.மீ. உடை வாங்கலாம். அல்லது நீரே புகாத டிரைசூட்டை வாடகைக்கு எடுக்கலாம். டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்றைக் கட்டுப்படுத்தத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சியில்லாமல் இறங்கினால் காற்று கால்பக்கம் சேர்ந்து தலைகீழாக மேலே தூக்கிவிடும் ஆபத்து உண்டு. எனவே அதை விட்டு 7 மி.மீ. உடையைத் தேர்ந்தெடுத்தேன்.

மார்கழி மாதக் காலை ஒன்றில் அதை எங்கள் இறங்கு கிணற்றில் சோதித்தோம். நீர் 24 டிகிரி இருந்தது. குளிரைச் சோதிக்க அந்தக் கிணறு உதவாது. ஆனால் உடை எங்கே மடிகிறது, குமிழிகளால் மிதக்கும் அந்த உடையோடு எத்தனை கிலோ எடை கட்டினால் மூழ்குவேன் என்ற இரண்டையும் அறிய அதைவிட நல்ல இடம் இல்லை. படியில் கயிற்றோடு என் மாமன் மகன் நின்றுகொண்டான். மாங்காய் மண்டியில் பயன்படும் வார்ப்பிரும்புப் படிக்கற்களைச் சட்டென்று கழற்றக்கூடிய பெல்ட்டில் கட்டி ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். உடை, தலைமூடி, பூட்ஸ், கையுறை அனைத்தோடும், நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க 7 கிலோ ஆனது. இரும்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் ஈயத்தில் சுமார் 400 கிராம் குறையும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது. என் எடையும் கருவிகளின் எடையும் சேர்ந்து சுமார் 95 கிலோ என்பதால் கடலுக்காக இன்னும் இரண்டரைக் கிலோ சேர வேண்டும். கேப் டவுனில் எஃகு சிலிண்டரோடு 9 கிலோவில் சமநிலை கிடைத்தது. புதுச்சேரியில் 3 மி.மீ. உடைக்கு 4 கிலோவே போதுமாயிருந்தது. இந்தக் கூடுதல் சுமை இடுப்பை வலிக்கச் செய்யும் என்பதையும் உடை தேர்வின்போது மனத்தில் வைக்க வேண்டும். கிணற்றுச் சோதனையை வெயில் ஏறும் முன் முடித்துவிட்டோம். 7 மி.மீ. உடையோடு நம் ஊர் வெயிலில் கால் மணி நேரம் நின்றாலே தலை சுற்றும்.

இனி, இந்த அனுபவத்தில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். ஒரே வாரத்தில், ஒரே உடையோடு, ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இரு டைவ்கள் செய்தேன். முதலாவது கெல்ப் தோப்பில், 8 மீட்டர் ஆழத்தில், 13 டிகிரியில். ஐம்பது நிமிடம் இருந்தும் விரல்நுனியைத் தவிர வேறெங்கும் குளிரவில்லை. இரண்டாவது, ஐந்து கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டுக் கிடக்கும் ஸ்மிட்ஸ்விங்கிள் குடாவில், 31 மீட்டரில், 12 டிகிரியில். பன்னிரண்டாவது நிமிடத்திலேயே விலாவெலும்புகளுக்கு நடுவே குளிர் இறங்கியது. ஒரு டிகிரி வேறுபாடு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. 10 மீட்டரில் நீரழுத்தம் தரையைப் போல இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கி, உடை மெலிந்து, கரையில் 7 மி.மீ. ஆக இருந்தது அங்கே கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. அதாவது, எங்கே குளிர் அதிகமோ அங்கேதான் உடையின் காப்பும் குறைகிறது. 15 மீட்டருக்குள் நிற்கப் போகிறவருக்கும் 30 மீட்டர் இறங்கப் போகிறவருக்கும் ஒரே வெப்பநிலை அட்டவணையைக் காட்டுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

தலைமூடியைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்று பலரும் சொல்வது மிகை. ஆனால் மற்ற இடங்களெல்லாம் மூடியிருக்கும்போது தலை மட்டும் திறந்திருந்தால் இழப்பு அங்கேதான் நடக்கும். குளிர்நீர் சட்டென்று ஒரு காதுக்குள் புகுந்தால் தலைசுற்றலும் வரும். கையுறைக்கு 5 மி.மீ. எனக்குச் சரியாக இருந்தது. அதைவிடத் தடிமனான கையுறையோடு கொக்கியைக் கழற்ற முடியவில்லை.

நாளுக்கு இரண்டு டைவ் என்றால், இரண்டாவதில் குளிர் முன்னதாகவே வந்துவிடுகிறது. முதல் டைவில் இழந்த சூட்டை ஈர உடையோடு படகில் காற்றில் உட்கார்ந்து மீட்க முடியாது. உடைக்கு மேலே காற்றுப் புகாத நீண்ட அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்ட பிறகே நிலைமை மாறியது. ஆழத்தில் சுவாசிக்கும்போது திசுக்களில் கரையும் நைட்ரஜன், உடம்பு குளிர்ந்திருந்தால் மேலேறும்போது மெதுவாகவே வெளியேறி ஆபத்தைக் கூட்டும் என்பதால், நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வதை நான் வீரமாக நினைக்கவில்லை.

தேய்மானத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை செய்பவன் என்பதால், வாங்கிய நாளிலேயே வெர்னியர் காலிப்பரால், ரப்பரை அழுத்தாமல், ஐந்து இடங்களில் அளந்து குறித்து வைத்தேன். இரண்டு ஆண்டுகளும் நாற்பது டைவ்களும் கடந்த 2024 இல் அளந்தபோது தொடையில் 6.6, தோள்பட்டையில் வார் அழுத்தும் இடத்தில் 5.9, முழங்காலில் 5.8 மி.மீ. இருந்தது. பலமுறை நசுங்கி உடைந்துபோன குமிழி திரும்பி எழுவதில்லை. மிச்சத்தைக் காப்பாற்ற நம் ஊரில் செய்ய வேண்டியது வெயிலிலிருந்து விலக்குவதுதான். முதல் ஆண்டில் 3 மி.மீ. உடையைத் தகரக் கூரைக்கு அடியில் பரணில் மடித்து வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் மடிப்புகள் கீறல் விட்டன. கீறலைப் பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டியது இரண்டு டைவில் பிரிந்துவிட்டது. நியோபிரீனுக்கென்றே விற்கும் பசை இன்றுவரை பிடித்து நிற்கிறது. இப்போது நன்னீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, புளியமர நிழலில் உலர்த்தி, அகலமான தோள் கொண்ட ஹேங்கரில் கீழ்வீட்டுச் சுவரில் தொங்கவிடுகிறேன்.

ஒல்லியான, வெயிலில் வளர்ந்த என் உடம்புக்கு நான் பின்பற்றும் கணக்கு இது: 26 டிகிரிக்கு மேல் 3 மி.மீ., 20 முதல் 25 வரை 5 மி.மீ., 12 முதல் 19 வரை தலைமூடியோடு 7 மி.மீ. இருபது மீட்டருக்குக் கீழே போவதானால் ஒரு படி கூட்டிக்கொள்கிறேன். 12 டிகிரிக்குக் கீழே வெட்சூட்டையே விட்டுவிடலாம். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் நீர் ஆண்டு முழுதும் 2 முதல் 4 டிகிரி, அங்கே ஸ்கூபாவுக்கு டிரைசூட்தான்.

வரும் ஆகஸ்டில் மீண்டும் ஃபால்ஸ் குடாவுக்குப் போகிறேன். என் 7 மி.மீ. உடையின் தோள்பட்டை இப்போது 6 கூட இல்லை என்பதால், உள்ளே போட 3 மி.மீ. உள்சட்டை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் மறுபடியும் படிக்கற்களோடு கிணற்றில் இறங்கி எடைக் கணக்கைத் திருத்த வேண்டும்.