பழைய சர்வர் போர்டை எழுப்பிய சிஎச்341ஏ புரோகிராமர்

எல்ஜிஏ 2011 சாக்கெட் (இன்டெல் பிராசசர் உட்காரும் இடம்) கொண்ட சர்வர் போர்டு ஒன்று பூட் ஆகாமல் நின்றுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பவர் சப்ளையை மாற்றினேன், சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி சிமாஸ் ரீசெட் செய்தேன் (சேமித்த செட்டிங்குகளை அழிப்பது). கடைசியில் ரேம் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஆன் செய்தேன். ஸ்பீக்கர் இணைத்திருந்தும் பீப் இல்லை. ரேம் இல்லை என்று புலம்பக்கூட ஆளில்லை என்றால் போர்டை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸ் மேல்தான் முதல் சந்தேகம்.

அப்புறம் சென்னை ரிச்சி தெருவில், பயாஸ் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் இந்த சிஎச்341ஏ யுஎஸ்பி புரோகிராமரை வாங்கினேன். விலைக்கு அருமையான கருவி. லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற, சிப்பைப் படித்து எழுதும் மென்பொருள் இதை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

ஆனால் கவனம்: கறுப்பு நிற போர்டில் வரும் இந்தப் புரோகிராமர்கள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். பயாஸ் சிப் பெரும்பாலும் 3.3 வோல்ட். மல்டிமீட்டரில் அளந்து பார்த்து, தேவையானால் திருத்தியபிறகே மாட்டுங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

சிப்பைக் கழற்றாமலே கவ்விப் பிடிக்க கூடவே வரும் கிளிப் மட்டமானது. லேசாக அசைந்தாலே தொடர்பு விட்டுவிடும். நல்ல கிளிப் தனியாக வாங்குவது நல்லது. போர்டின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழைய பயாஸை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். சில போர்டுகளில் மேக் முகவரியும் (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) அதற்குள்தான் இருக்கும்.

புதிய பயாஸ் எழுதியதும் போர்டு எழுந்துவிட்டது. பழைய சர்வர் வைத்திருக்கும் எவருக்கும் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள்.