பார்த்தீனியம் பிடுங்க ஆள் கூப்பிடும் முன்

கோவை சரவணம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டிய 5 சென்ட் காலி மனை முழுக்கப் பார்த்தீனியம். 1955-இல் புனேயில் கண்ணில் பட்ட அமெரிக்கச் செடி, இன்று இங்கே காலி இடம் என்றாலே அதுதான். இந்த மழைக்கு மனை சுத்தம் செய்து தரும் குழு ஒன்றை வரவழைத்தோம்.

மாமனாருக்கு அந்தச் செடி ஆகவே ஆகாது. தொடக்கூட வேண்டாம், பூத்தாலே போதும். தும்மல் நிற்காது. கண் இமை தடித்துவிடும். கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பெல்லாம் அரித்து, தோல் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். மகரந்தத்திலும் காய்ந்த இலைத் தூளிலும் இருக்கும் பார்த்தெனின் என்ற நச்சுப் பொருள்தான் தோலைப் படுத்துகிறது என்றார் மருத்துவர். காற்றில் வருவதை எப்படித் தடுப்பது?

மெஷினால் வெட்டினால் ஒரு கூலி, வேரோடு பிடுங்கினால் அதைவிடக் கூடுதல். தயவுசெய்து வெட்டச் சொல்லாதீர்கள். போன முறை வேறு ஆட்கள் வெட்டியதில் தூள் பறந்து மாமாவுக்கு அதிகமாகிவிட்டது. அடித்தண்டு மறுபடி துளிர்த்துக் குட்டையாகவே பூத்தது.

இவர்கள் மழை விட்ட மறுநாள் காலை, மண் இளகியிருக்கும்போது வந்தார்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் எல்லாம் இருந்தது. கேரட் இலை மாதிரி தரையோடு படர்ந்திருந்த இளஞ்செடியைக்கூட விடாமல் களைக்கொத்தால் நெம்பி எடுத்தார்கள். "பூ எடுக்கறதுக்கு முந்தியே கூப்புடோணும் கண்ணு" என்றார் வேலையை முன்நின்று பார்த்த அக்கா. ஒரே செடி 15,000 விதைக்கு மேல்கூடக் கொட்டும் என்றால் அவர் சொல்வதில் எவ்வளவு நியாயம்!

ஒரு குறை. பிடுங்கியதில் பூத்திருந்த செடிகளையும் எங்கள் காம்பவுண்டு ஓரமாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரவெல்லாம் காற்று. காலையில் மாமாவால் கண் திறக்க முடியவில்லை. போன் செய்ததும் வந்து சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள், சரி. ஆனாலும் நோயாளி இருக்கும் வீடு என்று முன்பே சொல்லியிருந்தோம், அன்றே ஏற்றியிருக்க வேண்டும்.

மண்ணில் கிடந்த விதை முளைத்து ஒரு மாதத்திலேயேகூடப் பூக்கத் தொடங்கிவிடலாம். அதனால் மூன்றாவது வாரம் மறுபடி வந்து முளைத்ததைப் பிடுங்கினார்கள். அந்த மறுவருகைக்காகவே இவர்களைச் சிபாரிசு செய்வேன். பார்த்தீனியத்தை வளரவிடாமல் அமுக்க, தகரை என்ற செடியின் விதையும் தூவிப் போயிருக்கிறார்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் வேரோடு பிடுங்குவது, அன்றே அள்ளிப் போவது, ஒரு மாதத்திற்குள் மறுவருகை, மூன்றையும் சேர்த்தே கூலி பேசுங்கள்.