கோர்ட் நடைமுறை விதிகளை இணையத்தில் தேடுவது: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

வக்கீல் ஆபீஸில் இருப்பதால் சட்டத் தளங்களைத் திறக்காமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. பல வருஷம் புழங்கியதை வைத்துச் சொல்கிறேன், சட்டம் இணையத்தில் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் இன்றைய தேதியில் நம் கோர்ட்டுக்குப் பொருந்துகிற விதி எது என்பது அவ்வளவு லேசில் கிடைக்காது.

மூலச் சட்டத்துக்கு இந்தியா கோட்தான். அரசுத் தளம், இலவசம். 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தை முழு பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றாடம் தேவைப்படும் நடைமுறை விதிகள், அதாவது ஆர்டர், ரூல் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அப்புறம், அந்த விதிகளை 122ஆம் பிரிவின்படி அந்தந்த ஹைகோர்ட்டே திருத்திக்கொள்ளலாம். மெட்ராஸ் ஹைகோர்ட் திருத்தத்தைப் பார்க்காமல் மத்தியச் சட்டத்தை மட்டும் நம்பி மனு தயாரித்தால், குறை சொல்லி கோர்ட் அதைத் திருப்பி அனுப்ப (ரிட்டர்ன்) வாய்ப்பு உண்டு. அதனால் ஹைகோர்ட் தளத்துக்கும் போய் சிவில் ரூல்ஸ் ஆஃப் பிராக்டிஸ் (கீழ் சிவில் கோர்ட்டுகளுக்கான விதிகள்), ஒரிஜினல் சைடு ரூல்ஸ் (ஹைகோர்ட்டிலேயே நேரடியாகப் போடும் வழக்குகளுக்கான விதிகள்), புதிய சுற்றறிக்கைகள் மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் சிக்கினால் தேடல் வேலை செய்யாது, பொறுமையாகப் புரட்டத்தான் வேண்டும்.

விதியை நீதிபதிகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு, தீர்ப்புகளைத் தேட உதவும் இந்தியன் கானூன். எனக்கு மிகவும் பிடித்த தளம் இதுதான், இதை இலவசமாகக் கொடுப்பது பெரிய விஷயம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 8 ரூல் 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்டன் ஸ்டேட்மென்ட் (பிரதிவாதியின் எழுத்துப்பூர்வ பதில்) போட 30 நாள், காரணம் எழுதி நீட்டித்தால் 90 நாள், அதற்கு மேல் வழியே இல்லை என்றுதான் படிக்கும்போது தோன்றும். ஆனால் 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில், தக்க காரணம் இருந்தால் விதிவிலக்காக அதைத் தாண்டியும் அனுமதிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கமர்ஷியல் வழக்கு (வணிகத் தகராறு) என்றால் அந்தச் சலுகை கிடையாது, 120 நாளோடு சரி, 2019இல் சுப்ரீம் கோர்ட்டே அதை உறுதி செய்தது. வெறும் சட்டப் புத்தகத்தில் இதெல்லாம் தெரியாது.

கிரிமினல் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். முன்ஜாமீன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 482. பழைய 482 என்பதோ எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்டில் போடும் மனு, அது இப்போது 528. வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டு வகைத் தீர்ப்பும் கலந்து வந்து விழும். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். புதிய சட்டத்தின் 531ஆம் பிரிவின்படி, அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால் பழையதைத் தூக்கிப் போடவும் முடியாது.

தீர்ப்புகளைத் தேடும் மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் இரண்டும் கட்டணத் தளங்கள். ஆபீஸில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஜூனியர்கள் சொந்தக் காசு போட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள், அந்தக் கோர்ட்டே 2023இல் தொடங்கிய இ-எஸ்சிஆர் என்ற தளத்தில் இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. கட்சிக்காரருக்குப் படித்துக் காட்ட அது நன்றாக உதவுகிறது, கோர்ட்டில் கொடுக்க ஆங்கிலப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.